ஜோடி யாருடைய சொத்து?

2016 ஆகஸ்டில் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் நடந்த மகளிர் இரட்டையர் இறுதிப் போட்டியில் வலைக்கு ஒரு பக்கம் சானியா மிர்சாவும் அவருடைய புதுத் துணை பார்போரா ஸ்ட்ரைகோவாவும் நின்றார்கள். எதிர்ப்பக்கம் மார்ட்டினா ஹிங்கிஸும் கோகோ வாண்டவேயும். சானியாவும் ஹிங்கிஸும் பிரிந்துவிட்ட செய்தி வந்து அதிக நாள் ஆகவில்லை. 2015 மார்ச்சில் சேர்ந்து ஆடத் தொடங்கிய அந்த ஜோடி அதே ஆண்டு விம்பிள்டனையும் யு.எஸ். ஓபனையும், மறு ஆண்டு ஆஸ்திரேலிய ஓபனையும் வென்றிருந்தது. இடையில் 41 ஆட்டங்கள் தொடர்ந்து தோற்கவேயில்லை. உலகத் தரவரிசையில் முதலிடத்தை இருவரும் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். சின்சினாட்டியில் சானியா ஜோடி 7-5, 6-4 என்று ஜெயித்ததும் அந்த முதலிடம் சானியா ஒருவருக்கே ஆனது. கதை அதோடு முடியவில்லை. அக்டோபரில் சிங்கப்பூரில் ஆண்டிறுதிப் போட்டி. அதற்குத் தகுதி பெற்றிருந்தது சானியா–ஹிங்கிஸ் ஜோடி. பிரிந்துபோன இருவரும் அங்கே மறுபடி ஒரே பக்கம் வந்து நின்று, அரையிறுதி வரை சேர்ந்து ஆடினார்கள்.

இப்படிப்பட்ட பிரிவுகளை நாம் வழக்கமாக மனஸ்தாபக் கதையாகவே படிக்கிறோம். யார் யாரை விட்டுப் போனார், யார் முதலில் சொன்னார், ஆட்டம் முடிந்து கைகுலுக்கினார்களா, முகம் கொடுத்தார்களா என்று தேடுகிறோம். மனஸ்தாபம் இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு நூற்றாண்டுக்கு மேலான இரட்டையர் ஆட்ட வரலாற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால், ஜோடிகள் எவ்வளவு காலம் நிலைத்தன, எப்படிப் பிரிந்தன என்பதை ஆட்டக்காரர்களின் குணத்தைவிட வேறொன்று அதிகம் தீர்மானித்திருக்கிறது. அந்த ஜோடியை ஏட்டில் யார் பெயரில் எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதுதான் அது. குடும்பம், நாடு, தனி ஆட்டக்காரர் என்று அந்தப் பட்டா கைமாறி வந்திருக்கிறது. சின்சினாட்டியிலும் சிங்கப்பூரிலும் நடந்ததற்குக்கூட விளக்கம் இதுவே. வாராந்தரத் தரவரிசை தனி ஆளின் புள்ளியை எண்ணுகிறது. ஆண்டிறுதிப் போட்டிக்கான தகுதி மட்டும் ஜோடியின் புள்ளியை எண்ணுகிறது. எண்ணுகிற முறை மாறியதும் அவர்கள் நிற்கிற பக்கமும் மாறியது.

டென்னிஸின் தொடக்க காலத்தில் ஜோடி என்பது பெரும்பாலும் குடும்ப விஷயம். ஆடவர் இரட்டையர் போட்டி 1879 முதல் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்து, 1884இல் விம்பிள்டனுக்கு வந்தது. வந்த ஆண்டே வென்றவர்கள் எர்னஸ்ட், வில்லியம் ரென்ஷா என்ற இரட்டைச் சகோதரர்கள். விம்பிள்டனில் மட்டும் ஐந்து முறை வென்றார்கள். அவர்களுக்குப் பின் ரெஜினால்ட், லாரன்ஸ் டொஹர்ட்டி சகோதரர்கள் 1897 முதல் 1905 வரையிலான ஒன்பது ஆண்டுகளில் எட்டு முறை. பணம் வராத ஆட்டம் அது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் வீட்டுத் தோட்டத்திலும் கிளப்பிலும் ஆடிப் பழகியது. துணை தேடி வெளியே போக வேண்டிய தேவை எழவில்லை. தம்பியை விட்டுவிட்டு இன்னும் நன்றாக சர்வீஸ் போடுகிற ஒருவரைத் தேடிப் போனால் கிடைக்கப்போவது ஒரு கோப்பை மட்டுமே. வீட்டில் கெடுவதோ அதைவிடப் பெரியது. சகோதர ஜோடி என்ற வழக்கம் பின்னாளிலும் முற்றாக மறையவில்லை. சென்னையின் விஜய், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்கள் 1976இல் விம்பிள்டன் அரையிறுதி வரை போனார்கள். ஆனால் அதற்குள் குடும்பம் பட்டாவை எப்போதோ நாட்டுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டது.

அந்தக் கைமாற்றத்தைச் செய்தது 1900இல் தொடங்கிய டேவிஸ் கோப்பை. நாடுகள் மோதும் அந்தப் போட்டியில் நான்கு ஒற்றையர் ஆட்டங்கள், ஒரே ஒரு இரட்டையர் ஆட்டம். அன்றைய மூன்று நாள் போட்டியில் நடுநாள் முழுவதும் அந்த ஒரு ஆட்டத்துக்கே. முதல் நாள் முடிவில் 1-1 என்று நின்றால் அடுத்த நாள் இரட்டையரே போட்டியின் போக்கைத் திருப்பும். அதனால் யார் யாரோடு ஆடுவது என்பது ஆட்டக்காரர் கையில் இல்லாமல் அணித்தலைவர் கைக்குப் போனது. 1927 முதல் 1932 வரை தொடர்ந்து ஆறு ஆண்டுகள் கோப்பையை வைத்திருந்த பிரான்ஸின் நால்வரை எடுத்துக்கொள்வோம்: போரோத்ரா, புருன்யோன், கொஷே, லக்கோஸ்த். 1925 விம்பிள்டனில் போரோத்ரா லக்கோஸ்தோடு வென்றார். 1926இலும் 1928இலும் புருன்யோன் கொஷேயோடு. 1932, 1933இல் அதே புருன்யோன் போரோத்ராவோடு. இவர் அவரை விட்டுவிட்டார், அவர் இவரிடம் போய்விட்டார் என்று இதை இன்று யாரும் துரோகக் கணக்கில் எழுதுவதில்லை. நால்வரும் ஒரே வீட்டு ஆட்கள். வீட்டின் பெயர் பிரான்ஸ். நால்வரில் ஒற்றையரில் பெரிதாகச் சாதிக்காத புருன்யோன்தான் இரட்டையரில் எல்லாருக்கும் பொருந்துகிற துணை. ஒரு தனி ஆள் இரட்டையர் நிபுணர் என்று பெயர் வாங்கியதற்கு முதல் சான்றுகளில் அவரும் ஒருவர்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இதே முறையை ஆஸ்திரேலியா இன்னும் கறாராக நடத்தியது. ஹாரி ஹாப்மன் அணித்தலைவராக இருந்த காலத்தில் அந்நாடு 16 முறை டேவிஸ் கோப்பையை வென்றது. ஃபிராங்க் செட்ஜ்மனும் கென் மெக்கிரிகரும் 1951இல் ஒரே ஆண்டில் நான்கு கிராண்ட்ஸ்லாம் இரட்டையர் பட்டங்களையும் வென்றார்கள். ஆடவரில் வேறு எந்த ஜோடியும் அதைச் செய்ததில்லை. 1952இலும் முதல் மூன்றை வென்று, நான்காவதான அமெரிக்க இறுதியில் தோற்றார்கள். தோற்றது யாரிடம் என்பது சுவையான விஷயம்: ஆஸ்திரேலியரான மெர்வின் ரோஸும் அமெரிக்கரான விக் செய்க்ஸாஸும் சேர்ந்த ஜோடியிடம். இரண்டு நாட்டுக் கொடிக்குக் கீழும் அடங்காத அந்த ஜோடியின் வெற்றி, இனி வரப்போவதைக் கொஞ்சம் முன்கூட்டியே காட்டியது. அந்தக் கால அமெச்சூர் ஆட்டக்காரருக்கு வெளிநாட்டுப் பயணத்துக்குத் தன் நாட்டுச் சங்கத்தின் தயவு தேவை. சங்கத்தைப் பகைத்துக்கொண்டு துணையைத் தேர்ந்தெடுக்க முடியாது. நாட்டின் பெயரால் சேர்ந்தவர்கள் உலகின் முதல் ஜோடியையே சாய்த்ததும் உண்டு. 1966 டிசம்பரில் மெல்பர்னில் நடந்த டேவிஸ் கோப்பை இறுதிச் சுற்றில் இந்தியா 1-4 என்று தோற்றது. அந்த ஒரே வெற்றி இரட்டையரில் வந்தது. ராமநாதன் கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் ஜான் நியூகம்ப், டோனி ரோச் ஜோடியை நான்கு செட்டில் வீழ்த்தினார்கள்.

1968இல் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கும் பெரிய போட்டிகளின் கதவு திறந்தது. வழக்கமாக இந்த ஆண்டைத்தான் திருப்பம் என்று எழுதுவார்கள். இரட்டையரைப் பொறுத்தவரை அதைவிட முக்கியமான ஆண்டு 1976 என்பது என் கணிப்பு. 1973 ஆகஸ்டில் ஆடவர் ஒற்றையருக்குக் கணினித் தரவரிசை வந்தது. 1976 மார்ச்சில் இரட்டையருக்கும் வந்தது. அப்போது எடுத்த ஒரு முடிவு, அன்று யாரும் பெரிதாகப் பேசாதது, பின்வந்த அரை நூற்றாண்டின் உறவுகளையெல்லாம் வளைத்துவிட்டது. இரட்டையர் ஆட்டத்தில் கிடைக்கும் புள்ளிகளை ஜோடியின் பெயரில் எழுதாமல், ஆளுக்கு ஆள் தனித்தனியே எழுதினார்கள். கடந்த 52 வாரத்தில் யாரோடு சேர்ந்து வென்றிருந்தாலும் அந்தப் புள்ளி அவரவர் கணக்கில் சேரும். அடுத்த போட்டியில் இடம் கேட்கும்போது சேர்ந்து வரும் இருவரின் தரவரிசை எண்களையும் கூட்டிப் பார்ப்பார்கள். கூட்டுத்தொகை சிறியதாக உள்ள ஜோடிகளுக்கு முதலில் இடம். வங்கியில் கணவனும் மனைவியும் கூட்டுக் கணக்கு வைக்காமல் ஆளுக்கொரு கணக்கு வைத்திருப்பது போன்றது இது. பிரியும்போது பங்கு பிரிக்க எதுவும் இல்லை. 20ஆம் இடத்தில் இருப்பவர் இன்று துணையை மாற்றினால் நாளையும் 20ஆம் இடத்தில்தான் இருப்பார். அவரோடு சேர்ந்து ஆடி அந்த இடத்தைப் பெற உதவியவருக்கு அதில் எந்த உரிமையும் கிடையாது.

இந்த விதியைக் குறையாக மட்டும் பார்க்கக்கூடாது. துணைக்குக் காலில் அடிபட்டால் ஆறு மாதம் மற்றவரும் வீட்டில் உட்கார வேண்டுமா என்ற கேள்விக்கு இதைவிட நியாயமான பதில் இல்லை. ஒற்றையர் ஆட்டத்தையே பிழைப்பாகக் கொண்டவர்கள் வாரத்துக்கு வாரம் வெவ்வேறு ஊரில் ஆடிய காலத்தில் நிரந்தர ஜோடியை எதிர்பார்ப்பதும் நடக்காத காரியம். ஆனால் காலம் மாறியது. ஒற்றையரில் பரிசுப் பணம் உயர உயர, முன்னணி ஆட்டக்காரர்கள் இரட்டையரை விட்டு விலகினார்கள். 2023 விம்பிள்டனில் ஒற்றையர் சாம்பியனுக்கு 23.5 லட்சம் பவுண்ட். இரட்டையர் சாம்பியன் ஜோடிக்கு 6 லட்சம், அதாவது தலைக்கு 3 லட்சம். ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. மிஞ்சியவர்கள் இரட்டையரை மட்டுமே நம்பியவர்கள். 2005இல் ஆடவர் டென்னிஸ் அமைப்பான ஏடிபி இரட்டையர் பிரிவில் ஒற்றையர் ஆட்டக்காரர்களுக்கு முன்னுரிமை கொடுத்து விதிகளை மாற்ற முனைந்தபோது, பிரையன் சகோதரர்கள் உள்ளிட்ட இரட்டையர் ஆட்டக்காரர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். கடைசியில் சமரசம். டியூஸ் ஆனால் ஒரே புள்ளியில் தீர்ப்பு, மூன்றாவது செட்டுக்குப் பதிலாகப் பத்துப் புள்ளி டை-பிரேக். கிராண்ட்ஸ்லாம்களில் அப்போது இது நுழையவில்லை. ஆட்டம் சுருங்கியது, அதிர்ஷ்டத்தின் பங்கு கூடியது. நல்ல ஜோடியும் ஒரு மாதம் முதல் சுற்றிலேயே தோற்று நிற்கலாம் என்றானதும், கூட்டுத்தொகை வெட்டுக்கோட்டைத் தாண்டிவிடுமோ என்ற பயம் வந்தது. துணை மாற்றத்தின் வேகத்தைக் கூட்டியதில் இந்தப் பயத்துக்கும் பங்கிருக்கும் என்றே நினைக்கிறேன்.

துணை தேடுவதற்கும் ஒரு தொழில் முறை உருவானது. பருவம் முடியும் தறுவாயில் ஆட்டக்காரர்கள் அடுத்த ஆண்டுக்கான துணையைப் பேசி வைத்துக்கொள்கிறார்கள். பேச்சில் முதலில் வருவது தரவரிசை எண். அடுத்தது, எந்தப் பக்கம் நின்று சர்வீஸை வாங்குவார் என்பது. இடப்பக்கம் நின்று பழகிய இருவர் சேர்ந்தால் ஒருவர் தன் பழக்கத்தை மாற்றியாக வேண்டும். வலக்கைக்காரரும் இடக்கைக்காரரும் சேர்ந்தால் சர்வீஸின் சுழற்சி மாறி மாறி வந்து எதிராளியைக் குழப்பும். வரலாற்றின் பெரிய ஜோடிகள் பலவற்றில், நியூகம்ப்–ரோச், மெக்கன்ரோ–ஃபிளெமிங், நவ்ரத்திலோவா–ஷ்ரைவர், உட்பிரிட்ஜ்–உட்ஃபோர்ட், பிரையன் சகோதரர்கள் எல்லாவற்றிலும், ஒருவர் இடக்கை, ஒருவர் வலக்கை. மூன்றாவதாகத்தான் நட்பும் சுபாவமும். மூன்றாவதாக வருவதை முதலாவதாக எண்ணிக்கொண்டு நாம் கதை எழுதுகிறோம்.

புள்ளி எழுதும் விதியே ஜோடிகளின் ஆயுளைத் தீர்மானிக்கிறது என்பது வெறும் ஊகம்தானே என்று கேட்கலாம். சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. இரட்டையர் ஆட்டம் டென்னிஸுக்கு மட்டும் உரியதல்ல, பாட்மிண்டனிலும் உண்டு. அங்கே தரவரிசைப் பட்டியலில் ஒவ்வொரு வரியிலும் இரண்டு பெயர். புள்ளி ஜோடியின் பெயரில். துணை மாறினால் சேர்த்த புள்ளியெல்லாம் பழைய ஜோடியின் வரியிலேயே கிடந்து மெல்ல உதிரும். இந்தோனேசியா, சீனா போன்ற நாடுகளில் யார் யாரோடு ஆடுவது என்பதைத் தேசிய முகாமின் பயிற்சியாளர்களே தீர்மானிப்பார்கள். சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டியையும் சிராக் ஷெட்டியையும் ஜோடி சேர்த்தவர் மலேசியப் பயிற்சியாளர் டான் கிம் ஹெர். அந்த ஜோடிதான் 2022இல் காமன்வெல்த் தங்கம், 2023இல் ஆசிய விளையாட்டுத் தங்கம், அதே ஆண்டில் உலக முதலிடம் என்று ஏறியது. எதிர்பார்க்கக்கூடியதுபோலவே, பாட்மிண்டனில் முன்னணி ஜோடிகள் ஆண்டுக்கணக்கில் நிலைக்கின்றன. பிரிவு வந்தாலும் பெரும்பாலும் மேலிருந்து வருகிறது. சீனாவின் ஃபூ ஹைஃபெங் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் சாய் யுன்னோடு தங்கம் வென்றார். 2016 ரியோவில் ஜாங் நானோடு. அந்த மாற்றத்தில் யார் மனம் நொந்தது என்று எந்தப் பத்திரிகையும் தொடர்கட்டுரை எழுதவில்லை.

பாட்மிண்டன் இரட்டையர் வேறு மாதிரியான ஆட்டம், அதனால்தான் ஜோடிகள் நிலைக்கின்றன என்பது வலுவான மறுப்பு. களம் சிறியது, இறகுப்பந்து பறக்கும் வேகம் அதிகம், முன்னும் பின்னுமாக இடம் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். ஒருவர் அசைவை மற்றவர் பார்க்காமலே அறிய வேண்டும். இது உண்மை, ஒப்புக்கொள்ள வேண்டியதும்கூட. ஆனால் இந்த வாதம் முழுமையாக நிற்க வேண்டுமானால் துணை மாறியவர்கள் தடுமாறியிருக்க வேண்டும். இந்தோனேசியாவின் ஹெந்திரா செத்தியவான் மார்க்கிஸ் கிடோவோடு 2007 உலக சாம்பியன், 2008 ஒலிம்பிக் சாம்பியன். பிறகு முகமது அஹ்சானோடு 2013லும் 2015லும் உலக சாம்பியன். 2016 முடிவில் தேசிய முகாமை விட்டு வெளியேறி, 2017இல் மலேசியாவின் டான் பூன் ஹியோங்கோடு ஆடினார். அது பெரிதாக எடுபடவில்லை. அஹ்சானோ அதே ஆண்டு இளம் வீரர் ரியான் அகுங் சபுத்ரோவோடு உலகப் போட்டியில் வெள்ளி வென்றார். 2018இல் ஹெந்திராவும் அஹ்சானும் மறுபடி சேர்ந்தார்கள். 2019இல் மூன்றாவது முறையாக உலக சாம்பியன். இறுதிப் போட்டி நடந்த அன்று ஹெந்திராவுக்கு 35 வயது நிறைந்தது. மாறினால் ஆட முடியாது என்பதில்லை. மாறுவதற்கான விலை அங்கே அதிகம், அவ்வளவே.

இனி நம் ஊர்க் கதைக்கு வரலாம். லியாண்டர் பயஸ் கல்கத்தாவில் பிறந்து, சென்னையில் அமிர்தராஜ் குடும்பம் நடத்திய பயிற்சிப் பள்ளியில் வளர்ந்தவர். மகேஷ் பூபதி சென்னையில் பிறந்தவர். இருவரும் சேர்ந்து வென்ற முதல் ஏடிபி பட்டமும் 1997இல் நுங்கம்பாக்கத்தில்தான். 1999இல் நான்கு கிராண்ட்ஸ்லாம் இறுதிப் போட்டிகளிலும் ஆடி, பிரெஞ்சு ஓபனையும் விம்பிள்டனையும் வென்றார்கள். அடுத்த ஆண்டே பிரிவு. பிறகு சேர்ந்து 2001இல் மறுபடி பிரெஞ்சு ஓபன். மறுபடி பிரிவு. 2011இல் மீண்டும் சேர்ந்து, சென்னை ஓபனை வென்று, ஆஸ்திரேலிய ஓபன் இறுதிவரை போய், ஆண்டு முடிவில் மீண்டும் பிரிந்தார்கள். 2021இல் இந்தக் கதையை ‘பிரேக் பாயிண்ட்’ என்ற ஆவணத் தொடராகவே எடுத்தார்கள். அதில் இருவருமே தங்கள் மனக்கசப்பை மறைக்காமல் பேசினார்கள். ஆக, கசப்புதான் காரணம் என்ற கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

ஆனால் அதே சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தால் வேறொன்று வெளிவருகிறது. 1997 முதல் 2010 வரை டேவிஸ் கோப்பையில் பயஸ்–பூபதி ஜோடி தொடர்ந்து 24 ஆட்டங்களில் வென்றது; அது உலக சாதனை. அந்தப் பதின்மூன்று ஆண்டுகளில் பெரும்பகுதி அவர்கள் தொழில்முறைப் போட்டிகளில் சேர்ந்து ஆடவேயில்லை. இடையில் ஒருவரோடொருவர் பேசாத காலமும் உண்டு. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்க ஆட்டம் வரை போய், குரோவேஷிய ஜோடியிடம் கடைசி செட்டை 14-16 என்று இழந்தார்கள். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் பயஸ் பத்திரிகையாளர் முன்னிலையில் பூபதியின் ஈடுபாட்டைக் குறை கூறினார். அதே போட்டியில் இருவரும் சேர்ந்து இரட்டையர் தங்கம் வென்றார்கள். கசப்பு ஒரு ஜோடியை உடைக்கும் என்றால் அது எல்லா இடத்திலும் உடைத்திருக்க வேண்டும். நாட்டின் பெயரில் பட்டா இருந்த களத்தில் உடையவில்லை. ஆளாளுக்குத் தனிக் கணக்கு இருந்த களத்தில் மட்டும் உடைந்தது. ஒரே இருவர், ஒரே கசப்பு, இரண்டு விதி, இரண்டு முடிவு.

பிரிவுக்குப் பின் அவர்களுடைய கணக்கு என்ன ஆனது என்றும் பார்க்க வேண்டும். பயஸ் வென்ற எட்டு ஆடவர் இரட்டையர் கிராண்ட்ஸ்லாம்களில் பூபதியோடு மூன்று. மற்ற ஐந்தில் ஒன்று மார்ட்டின் டாமோடு, இரண்டு லூகாஸ் டிலூஹியோடு, இரண்டு ராடெக் ஸ்டெபானெக்கோடு. மூவருமே செக் நாட்டவர். வாழ்நாளில் பயஸோடு ஆடியவர்களின் எண்ணிக்கை நூறைத் தாண்டும். பூபதிக்கு அதற்குப் பின் மேக்ஸ் மிர்னியோடு 2002 யு.எஸ். ஓபன். இருவரும் சேர்ந்தே இருந்திருந்தால் இதைவிட அதிகம் வென்றிருப்பார்களா என்று கேட்பது இந்திய ரசிகர்களின் பழைய பொழுதுபோக்கு. வென்றிருக்கலாம். ஆனால் பிரிந்ததால் பயஸ் பிழைப்பை இழக்கவில்லை, 40 வயதில் 2013 யு.எஸ். ஓபனை வென்றார். தரவரிசை விதி அவருக்குக் கொடுத்த வசதி அது.

குமுறல் எங்கே பிறந்தது என்றால், நாட்டின் ஏடும் தனி ஆளின் ஏடும் முரண்பட்ட இடத்தில். ரசிகர்களும் சங்கமும் ஜோடியை நாட்டின் சொத்தாகப் பார்த்தார்கள். ஆட்டக்காரர்களோ ஆண்டில் நாற்பது வாரம் சொந்தத் தொழில் செய்கிறவர்களாக வாழ்ந்தார்கள். 2012இல் அந்த முரண் வெடித்தது. ரோஹன் போபண்ணா அதுவரை பாகிஸ்தானின் ஐசாம்-உல்-ஹக் குரேஷியோடு ஆடிவந்தார். அந்த ஜோடி 2010 யு.எஸ். ஓபன் இறுதிவரை போனது. 2011 நவம்பரில் பாரிஸ் மாஸ்டர்ஸை வென்றது. வென்ற கையோடு பிரிந்தார்கள். சண்டை ஏதும் இல்லை; ஒலிம்பிக்கில் ஒரே நாட்டவர்தான் ஜோடி சேரலாம் என்பதால் போபண்ணா லண்டனுக்குத் தயாராக பூபதியோடு சேர்ந்தார். இருவரும் ஆறு மாதம் சேர்ந்து ஆடிய பிறகு, அகில இந்திய டென்னிஸ் சங்கம் பூபதியைப் பயஸோடு ஆடச் சொன்னது. பூபதி மறுத்தார். பயஸோடு ஆடச் சொன்னபோது போபண்ணாவும் மறுத்தார். கடைசியில் இரண்டு ஜோடி போனது: பூபதி–போபண்ணா, பயஸ்–விஷ்ணு வர்தன். பயஸுக்குச் சமாதானமாகக் கலப்பு இரட்டையரில் சானியாவைத் தருவதாக ஏற்பாடு. அதற்குச் சற்று முன்புதான் பூபதியோடு பிரெஞ்சு ஓபன் கலப்பு இரட்டையரை வென்றிருந்த சானியா, தன்னைத் தூண்டில் புழுவாகப் பயன்படுத்தியதாக வெளிப்படையாகக் கண்டித்தார். அந்தக் கோபம் முற்றிலும் நியாயமானது. லண்டனில் இரண்டு ஆடவர் ஜோடிகளும் இரண்டாம் சுற்றைத் தாண்டவில்லை. பூபதிக்கும் போபண்ணாவுக்கும் சங்கம் விதித்த தடையை நீதிமன்றம் நிறுத்திவைத்தது.

சங்கத்தின் தரப்பில் ஒரு வாதம் உண்டு. நாட்டுக்காக ஆடுவதென்றால் தனி விருப்பத்தை ஒதுக்கிவைக்க வேண்டாமா என்பது அது. பிரான்ஸின் நால்வர் காலத்தில் இந்த வாதம் செல்லும். அன்று ஆட்டக்காரர் வெளிநாட்டுப் பயணத்துக்குத் தன் நாட்டுச் சங்கத்தையே நம்பியிருந்தார். இன்று பாட்மிண்டன் முகாமிலும் அது செல்லும். ஆனால் டென்னிஸில் பயணம், பயிற்சியாளர், தங்குமிடம் எல்லாவற்றையும் தன் பரிசுப் பணத்தில் பார்த்துக்கொள்கிறவரை, ஒலிம்பிக் வருகிற இரண்டு வாரத்துக்கு மட்டும் நாட்டின் சொத்து என்று உரிமை கொண்டாடுவது எளிதில் நிற்காது. அதே சங்கம் 2016இலும் அதையே செய்தது. ரியோவுக்கு சாகேத் மைனேனியோடு போக விரும்பிய போபண்ணாவைப் பயஸோடு அனுப்பினார்கள். முதல் சுற்றில் போலந்து ஜோடியிடம் தோல்வி.

நீண்ட கால உறவுக்கு ஆட்டத்திலேயே மதிப்பு இல்லையா என்று இங்கே ஒருவர் கேட்பது நியாயம். ஒரு வாரத்துக்கு மட்டும் என்றால், அந்த மதிப்பு நாம் நினைப்பதைவிடக் குறைவு. 2008 பெய்ஜிங்கில் காலிறுதியில் பயஸ்–பூபதியையும் அரையிறுதியில் பிரையன் சகோதரர்களையும் வென்று தங்கம் வாங்கியவர்கள் ஃபெடரரும் வாவ்ரிங்காவும். இரட்டையரைத் தொழிலாகக் கொள்ளாதவர்கள். 1992 விம்பிள்டனை மெக்கன்ரோ, ஜெர்மனியின் மைக்கேல் ஸ்டிக்கோடு கடைசி செட்டை 19-17 என்று எடுத்து வென்றார். மெக்கன்ரோவின் பழைய துணை பீட்டர் ஃபிளெமிங், உலகின் சிறந்த ஜோடி மெக்கன்ரோவும் வேறு யாராவது ஒருவரும்தான் என்று தன்னையே கிண்டல் செய்துகொண்டது பிரபலம். ஆனால் ஆண்டுக்கணக்கில் பார்த்தால் கதை மாறுகிறது. நவ்ரத்திலோவாவும் பாம் ஷ்ரைவரும் 1983 முதல் 1985 வரை தொடர்ந்து 109 ஆட்டங்கள் வென்றது, சேர்ந்து 20 கிராண்ட்ஸ்லாம் பட்டங்கள் பெற்றது எல்லாம் வாரத்துக்கு ஒரு துணையை வைத்துச் செய்யக்கூடியதல்ல. உட்பிரிட்ஜும் உட்ஃபோர்டும் சேர்ந்து 61 பட்டங்கள். உட்ஃபோர்ட் 2000இல் ஓய்வு பெற்ற பிறகு உட்பிரிட்ஜ், ஸ்வீடனின் யோனாஸ் பியோர்க்மனோடு 2002, 2003, 2004 விம்பிள்டன்களை வென்றார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நீண்ட உறவு தருவது உச்ச ஆட்டத்தை அல்ல, மோசமான நாளிலும் தோற்காமல் தப்பிக்கிற பழக்கத்தை. தரவரிசை அந்தப் பழக்கத்துக்குப் புள்ளி கொடுக்கிறது. கொடுத்த புள்ளியைத் தூக்கிக்கொண்டு போகவும் அனுமதிக்கிறது. 2024 ஜனவரியில் 43 வயதில் போபண்ணா ஆஸ்திரேலிய ஓபனை வென்று உலக முதலிடம் பெற்றபோது, அவரோடு சேர்ந்து அதே கோப்பையை வென்ற மேத்யூ எப்டன் அந்த இடத்துக்கு வரச் சில வாரங்கள் ஆயின. அந்த ஆண்டு முடிவில் இருவரும் பிரிந்தார்கள்.

இந்த வாதத்துக்கு எதிராக எப்போதும் முன்வைக்கப்படுவது பிரையன் சகோதரர்களின் பெயர். அதே தனிநபர் விதிக்குள்தான் அவர்களும் ஆடினார்கள். சேர்ந்து 119 பட்டங்கள், 16 கிராண்ட்ஸ்லாம்கள். குணமும் பாசமும் இருந்தால் விதி ஒன்றும் செய்யாது என்பதற்கு அவர்களைக் காட்டுவார்கள். அவர்கள் இரட்டைப் பிறவிகள். ரென்ஷாக்களைப் போல, டொஹர்ட்டிகளைப் போல, அவர்களுடைய பட்டா தரவரிசைக்கு முன்பே எழுதப்பட்டது. ஆனால் 2018 மே மாதம் மாட்ரிட்டில் பாப் பிரையனுக்கு இடுப்பில் காயம். மைக் காத்திருக்கவில்லை, காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை, புள்ளிகள் அவர் பெயரில் இருந்தன. இளம் அமெரிக்கரான ஜாக் சாக்கோடு சேர்ந்து அந்த ஆண்டு விம்பிள்டனையும் யு.எஸ். ஓபனையும் ஆண்டிறுதிப் போட்டியையும் வென்றார். ஜூலையில், 40 வயதில், தரவரிசையின் முதல் வரியில் மைக்கின் பெயர் தனியாக வந்தது. பாப் அறுவை சிகிச்சை முடிந்து 2019 ஜனவரியில் திரும்பியதும் மைக் அண்ணன் தம்பி ஜோடிக்கே திரும்பினார். சாக் வேறு துணை தேடினார். 2020இல் சகோதரர்கள் இருவரும் ஒன்றாக ஓய்வு பெற்றபோது, ஆடவர் இரட்டையர் கிராண்ட்ஸ்லாம் கணக்கில் பாப்பின் பெயருக்கு நேரே 16, மைக்கின் பெயருக்கு நேரே 18.